வேற என்ன மாத்தர சாப்பிடறீங்க?

கொடுமுடியில் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்லி மருந்து கேட்பது அபூர்வம். "மேலு வலிங்க", "மண்டையிடி தாங்கலீங்க", "தொண்டை கரகரங்குதுங்க", "வவுறு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று உடம்பு சொல்வதை அப்படியே வந்து சொல்வார்கள். அதற்கொரு மாத்திரை வேண்டும். அது இன்றைக்கே கேட்க வேண்டும். நாளைக் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கடையில் நிற்கும் மருந்தாளுநரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கு 'மெடிக்கல் அக்கா', பெரியவர்களுக்கு 'அம்மிணி'.

தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டால் இடுப்பு வலியும் தோள்பட்டை வலியும் வரிசை கட்டும். வேகவைத்துக் காய்ந்த மஞ்சளை மெருகேற்றும்போது தூசி கிளம்பும். பின்னாலேயே இருமல் வரும். சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய்ப் பருப்பும் எள்ளும் ஏலம் போகும் நாட்களில், மூட்டை சுமந்தவர்கள் பொழுது சாயும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மகுடேசுவரர் கோயிலில் பரிகாரம் செய்ய விடியலிலேயே வந்து காவிரியில் முழுகி எழுந்த வெளியூர்க்காரர்களுக்குத் தலைவலி மாத்திரையும் பஸ் வாந்திக்கு மாத்திரையும் தேவைப்படும். ஆடிப்பெருக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

இவர்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவை நோயைத் தீர்க்கும் மருந்துகள் அல்ல. நோய் காட்டும் அடையாளத்தை, அதாவது வலியை, காய்ச்சலை, இருமலை, அரிப்பை, குமட்டலைச் சிறிது நேரம் அடக்கி வைப்பவை. அதற்காக அவற்றை மட்டமாக நினைக்கக் கூடாது என்பதில் அம்மிணி உறுதியாக இருப்பார். முட்டி வலியில் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அடையாளத்தை அடக்கும் மருந்தும் உடம்புக்குள் வேறு நாலு வேலை செய்யும். அந்த வேலைகள் யாரிடம் எப்படி வெளிப்படும் என்று முன்கூட்டி யோசிப்பதுதான் தன் தொழிலின் பாதி என்று அவர் கருதுகிறார். எடுத்துக் கொடுப்பது மீதிப் பாதி.

அதனால் மாத்திரை அட்டையில் கை வைக்கும் முன்பு அவர் ஒரு கேள்வி கேட்பார். "வேற என்ன மாத்தர சாப்பிடறீங்க?"

"வேற ஒண்ணுமில்லீங்க" என்பதுதான் வழக்கமான பதில். இதை அவர் நம்புவதில்லை. யாரும் பொய் சொல்வதில்லைதான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தினமும் போடும் மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையாகவே வராது; காப்பித்தண்ணி குடிப்பது மாதிரி அது பாட்டுக்கு நடக்கிற காரியம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபின் அந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. நல்ல திட்டம். ஆனால் இப்போது இருமல் வந்தாலோ மேலு வலித்தாலோ மட்டும்தான் கடைக்கு வருகிறார்கள். வீட்டில் இருக்கும் அட்டை கடைக்காரருக்குத் தெரியாது, கடையில் வாங்கியது சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. ஆகவே அவர் கேள்வியைப் பிரித்துக் கேட்பார்: "பிரஷருக்குப் போடறீங்களா? சர்க்கரைக்கு? ரத்தம் உறையாம இருக்கறதுக்கு? நீர் பிரிய மாத்தர ஏதாச்சும்?" மூன்றாவது, நாலாவது கேள்விக்குத்தான் "ஆமாங் அம்மிணி, அது ஒண்ணு இருக்குது" என்று பதில் வரும்.

எழுபது வயதைத் தாண்டிய அமுச்சி ஒருவர் பேரனின் வண்டியில் வந்து இறங்கினார். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் பத்து மாத்திரை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றாகக் கேட்டதாம். சுருக்குப்பையில் இருந்த சின்ன கவரில் டெல்மிசார்டானும் அதோடு நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த பிரஷர் மாத்திரை. சித்திரை வெயில் வேறு. அமுச்சி பகலெல்லாம் களத்தில் இருந்துவிட்டுத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வந்திருந்தார்.

அம்மிணிக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வருவது ஜான் வேனின் ஆராய்ச்சி. ஆஸ்பிரின் வகை மருந்துகள் எப்படி வலியை அடக்குகின்றன என்பதை 1971இல் இங்கிலாந்தில் அவர் கண்டுசொன்னார்; 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை இந்த மருந்துகள் தடுக்கின்றன. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது அதுதான். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுவே. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்துப் பிடித்திருப்பதும் அதுவே. முட்டியில் மட்டும் அதைத் தடுத்து, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் விட்டுவைக்க மாத்திரைக்குத் தெரியாது. பக்க விளைவு என்பது மருந்துக்கு வெளியே இருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வலியை நிறுத்திய அதே வேலை வேறு உறுப்பில் நடக்கும்போது அதன் பெயர் பக்க விளைவு.

அமுச்சியின் உடம்பில் நடந்திருக்கக்கூடியது இதுதான். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குள் போகும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் பிரிக்கும் மருந்து உடம்பின் நீரையே குறைக்கும். வடிகட்டத் தேவையான அழுத்தம் மூன்று பக்கமும் விழும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம், அதுவும் நீர் வற்றிய வயதானவரிடம் சேர்வதைப் பற்றி மருத்துவர்கள் தனியாகவே எச்சரிக்கிறார்கள். பிரஷரை ஏற்றுவதும், போடுகிற பிரஷர் மாத்திரையின் பலனைக் கெடுப்பதும் இந்த வலி மாத்திரைகளின் குணம்.

இவ்வளவையும் அமுச்சியிடம் சொல்ல முடியாது. "இந்த மாத்தரயும் அந்த மாத்தரயும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுங் அமுச்சி. கிட்னிக்குக் கேடு. முட்டிக்கு மேலால தடவறதுக்குத் தர்றேன். வலி ரொம்ப இருந்தா பாராசிட்டமால் ஒண்ணு போடுங்க. தண்ணி நல்லாக் குடிங்க. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போயி முட்டியக் காட்டுங்க" என்றார். தடவும் மருந்திலும் டைக்ளோஃபெனாக் உண்டு. ஆனால் தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அமுச்சிக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. பேரன் கேட்டுக்கொண்டான்.

தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, முன்பே ரத்த அழுத்தமும் இல்லை. வெயிலில் நீர் வற்றி உழைப்பதன்மீதுதான் சந்தேகம் முதலில் விழுகிறது. அப்படிப்பட்ட சிறுநீரகத்தின்மேல் வலி மாத்திரையையும் ஏற்றுவானேன் என்பது அம்மிணியின் கேள்வி. கரும்பு வெட்ட வரும் ஆட்கள் காலையிலேயே ஒன்று போட்டுவிட்டு வெட்டில் இறங்குவதை அவர் பார்த்திருக்கிறார். வலி வந்த பிறகு போட்டதுபோய், வலி வரும் என்று முன்கூட்டிப் போடுவது.

வயிற்றுக் கதை இன்னும் நேரடியானது. "கருப்பா வெளிக்குப் போகுதுங்க" என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு விஷயம் கேட்பார். ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை போடுகிறாரா? ஆமாம் என்றால் அந்தக் கருப்பு பெரும்பாலும் இரும்பின் நிறம், பயமில்லை. இல்லை, வலி மாத்திரைதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது வேறு. தார் போல ஒட்டும், நாற்றம் வேறாக இருக்கும், எழுந்தால் கண் இருட்டும். இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்று பொருள். அந்த ஆளுக்கு அவர் எந்த மாத்திரையும் கொடுப்பதில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். இரைப்பைப் புண்ணில் சிலருக்கு வயிறு வலிக்கவே வலிக்காது. வலி மாத்திரை அந்த வலியையும் சேர்த்து அடக்கியிருக்கும்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கொங்கு நாட்டில் மாட்டைச் சொல்லாமல் முடியாது. காங்கேயம் மாடு வளர்க்கிறவர்கள் மாட்டுக்கு மடி வீக்கம், கால் வீக்கம் என்றால் மனிதருக்கான ஊசி மருந்தையே கேட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த மருந்து உடம்பில் தங்கிய நிலையில் மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2004இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதை உறுதிசெய்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயிருந்தன. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குத் திருப்பி விடப்பட்டதால், 2015இல் ஊசி மருந்தை ஒரு தடவைக்கான 3 மில்லி அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதிசெய்தது. இன்றும் பாறுகள் கூடு கட்டும் மாயாறு பள்ளத்தாக்கு ஈரோடு மாவட்டத்தின் எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. கோவையின் அருளகம் அமைப்பினர் இதற்காக மருந்துக் கடைக்காரர்களிடமும் மாடு வளர்ப்போரிடமும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். "மாட்டுக்கு ஊசி" என்று யார் கேட்டாலும் அம்மிணி கால்நடை மருந்தகத்துக்குத்தான் கை காட்டுவார். மனிதர் தாங்கும் மருந்தைப் பறவையின் சிறுநீரகம் தாங்கவில்லை. மனிதரிலும் எல்லாச் சிறுநீரகமும் ஒன்றல்ல.

அடுத்தது இருமல். தோட்டத்துக்காரர் ஒருவர் மாதந்தோறும் இருமல் டானிக் வாங்கிப் போவார். வறட்டு இருமல், சளி இல்லை, காய்ச்சல் இல்லை, பீடியும் இல்லை. படுத்தால் தொண்டையில் அரிப்பு. மஞ்சள் தூசி என்று அவர் சொல்ல, வீட்டிலும் அப்படியே நம்பிவிட்டார்கள். ஆனால் மஞ்சள் சீசன் முடிந்தும் இருமல் நிற்கவில்லை. ஒருநாள் அவர் பிரஷர் மாத்திரையின் காலி அட்டையைக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒரு அட்ட குடுங்க" என்றார். எனலாப்ரில்.

எனலாப்ரில் நல்ல மருந்து, விலையும் குறைவு. இதயத்துக்கும் உதவும். ஆனால் அந்த வகை மருந்துகள் பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடுவதால், அது மூச்சுப்பாதையில் தேங்கி இருமலைக் கிளப்பும். நூறில் ஐந்து முதல் இருபது பேர் வரை இது வரலாம். தொடங்கிய வாரத்திலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். டானிக் குடித்து இதை நிறுத்த முடியாது. அம்மிணி மாத்திரையை மாற்றிக் கொடுக்கவில்லை. அது அவர் வேலையல்ல, அவருக்கு அதிகாரமும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதினார்: "எனலாப்ரில் எடுத்துவருகிறார். தொடங்கிய பிறகு பல மாதமாக வறட்டு இருமல். தயவுசெய்து பார்க்கவும்." மருத்துவர் அதைப் படித்துவிட்டு வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். சில வாரத்தில் இருமல் போய்விட்டது. கடைக்கு மாதம் ஒரு டானிக் வியாபாரமும் போய்விட்டது. அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை.

இந்தச் சங்கிலிதான் அவரை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆம்லோடிபின் போடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை கேட்பார்கள். நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அதற்கு ஒரு மாத்திரை. அது வயிற்றைப் புரட்டும். அதற்கும் ஒன்று. நாலாவது மாத்திரை வாங்குகிறவருக்கு முதல் மாத்திரைதான் காரணம் என்று தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு பக்க விளைவும் புது நோய் வேஷத்தில் வந்து நிற்கிறது. நாலையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். சின்ன ஊரில் அது பெரும்பாலும் மருந்தாளுநர்தான்.

குழந்தைகளின் இருமல் என்றால் அவர் குரலே மாறும். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் டானிக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். சளி, காய்ச்சல் என்று போனவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோனது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் ஃபார்மாசூட்டிகல் தொழிற்சாலையில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அது தொழிற்சாலைகளில் புழங்கும் கரைப்பான். மருந்தில் அதன் எல்லை 0.1 சதவீதம். உரிமம் ரத்தாயிற்று, உரிமையாளர் கைதானார், போன குழந்தைகள் போனவைதான். இதே நச்சால் 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அங்கே புது மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்பே நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் பலியானதிலும் சந்தேகம் இந்தியாவிலிருந்து போன டானிக்குகள்மீதே விழுந்தது.

இது பக்க விளைவு அல்ல, கலப்பட நஞ்சு. இரண்டையும் குழப்பக் கூடாது என்று அம்மிணியே சொல்வார். ஆனால் சுத்தமான டானிக்கும் சின்னக் குழந்தைக்குத் தேவையில்லை என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். கோல்ட்ரிஃபில் அச்சிட்டபடி இருக்க வேண்டிய குளோர்ஃபெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டிருந்தார். ஒன்று குழந்தையைத் தூக்கத்தில் தள்ளும், சில குழந்தைகளை மாறாகப் படபடக்கவும் வைக்கும். மற்றது ரத்த அழுத்தத்தைக் கூட்டும். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

அந்த வாரங்களில் கடைக்கு வந்த தாய்மார் வீட்டில் மிச்சமிருந்த பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் கொண்டுவந்த பையில் மூன்று பாட்டில்; ஒன்றில் மூடியே இல்லை, இன்னொன்றுக்கு அளவு மூடிக்குப் பதில் டீஸ்பூன். மருந்தெல்லாம் எந்தக் குழந்தைக்கு எப்போது வாங்கியது என்று அவருக்கே நினைவில்லை. அம்மிணி ஒவ்வொன்றின் பெயரையும் தொகுதி எண்ணையும் பார்த்து, கலவையை வாசித்துக் காட்டினார். "ஒரு வயசு தாண்டியிருந்தா தேன் ஒரு சொட்டு குடுங்க கண்ணு. வெதுவெதுப்பாத் தண்ணி குடுங்க. மூச்சு வாங்குனா, நெஞ்சு உள்ள போச்சுன்னா, ஒண்ணுக்குப் போகலன்னா டானிக்கப் பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." ஒரு வயதுக்குள் தேனும் கூடாது என்பதை அவர் இரண்டு தடவை சொல்வார்.

பாட்டில் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும். கவர் மாத்திரை தெரியாது. படிப்பு முடித்த புதிதில் வேறோர் ஊர்க் கடையில் அவர் வேலைக்கு இருந்தார். அங்கே "காய்ச்சல் செட்" என்று கேட்டால் அட்டையிலிருந்து உதிர்த்த நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதில் சின்னதாக வெள்ளையாய் ஒன்று கட்டாயம் இருக்கும். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. போட்ட அன்றே காய்ச்சல் விடும், மேலு வலி பறக்கும், பசி எடுக்கும். "அந்தக் கடை மாத்திரை கேக்கும்" என்று பெயரும் வரும். மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம்.

அந்த மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, செயற்கை சுவாசத்தில் கிடந்தவர்களில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இதே டெக்ஸாமெத்தசோன்தான். சரியான ஆளுக்கு, சரியான நாட்களுக்கு. பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும், கண்ணில் புரை விழும். தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை உடம்பு நிறுத்திவிடும்; திடீரென்று மாத்திரையை விட்டால் ஆளே சாய்ந்துவிடலாம். மூட்டு வலிக்கு எங்கிருந்தோ வாங்கிய பொட்டல மருந்தைச் சாப்பிட்டு முகம் பூரித்து வந்தவர்களிடம் "உடனே நிறுத்துங்க" என்று அவர் சொல்வதில்லை. மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போகச் சொல்வார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தேமலுக்கும் படைக்கும் முகச் சிவப்புக்கும் பூசும் களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு நிற்கும், படை உள்ளுக்குள் பரவும்.

மூக்கு ஒழுகலுக்கான மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் வரும், அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவர் கரூர் சாலையில் இரவில் லாரி ஓட்டுகிறவரா, கரும்பு ஆலையில் உருளைக்குப் பக்கத்தில் கரும்பு கொடுக்கிறவரா என்று பார்த்தாக வேண்டும். அத்தோடு சாராயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். இதை அவர் கூச்சப்படாமல் நேராகவே கேட்பார்.

மழை விட்டதும் டெங்கு வரும். அப்போது காய்ச்சலுக்கு டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ கொடுத்தால் தட்டணு குறைந்த உடம்பில் ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும்தான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்ச எல்லை. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதுகூட ஆகாது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் நாலு வேளை போட்டால் 2,600. சளிக்கு என்று தனியாக வாங்கிய மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 இருக்கும். மூன்று வேளைக்கு 1,500. எல்லை தாண்டிவிட்டது, வாங்கியவருக்குத் தெரியாது, இரண்டுக்கும் பெயர் வேறு. கல்லீரல் கெடுவது முதல் நாள் வெளியே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கலவையைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுப்பது அம்மிணியின் வழக்கம்.

மாதவிலக்கு வலிக்கு மெஃபனமிக் அமிலம் கேட்கும் பெண்கள் அவரிடம்தான் தேடி வருவார்கள். ஆண்கள் நிற்கும் கடையில் கேட்கக் கூச்சம். 2023 நவம்பர் இறுதியில் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தாக்க ஆணையம் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சிலருக்கு, மிக அரிதாக, போட்ட இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் என்று தொடங்கி உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடும் ஒவ்வாமை வரலாம். வந்தவர்கள் ஒன்றரை மாதத்துக்கு முன் போட்ட மாத்திரையை நினைத்துப் பார்ப்பார்களா? அதனால் கொடுக்கும்போதே சொல்லி வைக்கிறார். பயந்து யாரும் விட்டுவிடவில்லை, தெரிந்து வாங்குகிறார்கள்.

அந்த எச்சரிக்கை வந்த வழி முக்கியம். 2010இல் இந்தியாவில் மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் தொடங்கியது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமல்ல, மருந்து சாப்பிட்டவரே படிவம் அனுப்பலாம். கட்டணமில்லாத் தொலைபேசியிலும் சொல்லலாம். அப்படி நாடெங்கிலுமிருந்து சேர்ந்த தகவல்களை அலசித்தான் இது கண்டறியப்பட்டது. உலகமே நம்பி விழுங்கிய ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரையை மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டம்பரில் அதன் நிறுவனமே திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவும் தடைசெய்தது. காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்துவந்த நிமிசுலைடு, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011இல் தடையானது. விற்பனைக்கு வந்த பிறகே தெரியவரும் தீங்குகள் உண்டு. யாராவது பார்த்து, எழுதி, அனுப்பினால்தான் தெரியும். அம்மிணியின் கல்லாப் பெட்டிக்குள் அந்தப் படிவங்கள் எப்போதும் இருக்கும். நிரப்ப மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை அதைச் செய்வதில்லை என்பது வருத்தமான உண்மை.

கேள்வி கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். "மாத்தர கேட்டா சாதகம் கேக்கறீங்களே" என்று அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே கேள்வியில்லாமல் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டுச் சட்டமும் சிவப்புக் கோடு போட்ட அட்டைகளும் சில வகை மருந்துகளுக்கு 2014 முதல் நடைமுறைக்கு வந்த தனிப் பதிவேடும் இருக்கின்றன. ஆனால் கடையில் மருந்தாளுநர் நிற்காமல் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும் இடத்தில் சட்டம் என்ன செய்யும்?

நீங்கள் இதைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த தடவை கடைக்கோ மருத்துவரிடமோ போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள். உதிரி மாத்திரை வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். புது மாத்திரை தொடங்கிய பிறகு தடிப்பு, இருமல், வீக்கம், கருப்பு மலம் என்று எது வந்தாலும் அந்த மாத்திரையின் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். பக்க விளைவைத் தெரிவிக்கும் கட்டணமில்லா எண் 1800 180 3024. வேலை நாட்களில், அலுவல் நேரத்தில் எடுப்பார்கள்.